ஃபேனி கிராஸ்பி: கண் போனதால் பாட்டு வந்ததா?

கெடிலக்கரை (கடலூர்) – ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இன்று காலை ஆராதனையில் நடந்த ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னால் "உங்களுக்கு வேறு வேலை இல்லையா" என்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடலூரில் ஒரு சபையின் பாடகர் குழுவை நான் நடத்துகிறேன். டேனிஷ் மிஷன் வழி வந்த பழைய சபை. இன்று "இயேசுவின் கைகள் காக்க" பாடுவதாக இருந்தோம். பாடுவதற்கு முன், அதன் ஆங்கில மூலத்தை எழுதிய ஃபேனி கிராஸ்பி அம்மையாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். 1820 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநிலத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது கண்ணில் அழற்சி. மருத்துவன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் சூடான கடுகுப் பற்று போட்டான், பார்வை போயிற்று. அதே ஆண்டில் தகப்பனாரும் இறந்துபோனார். அப்படிப்பட்டவர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவப் பாடல்களை எழுதி, 1915 பிப்ரவரி 12 அன்று 95 வயது நெருங்கும்போது மறைந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "கர்த்தர் கண்ணை எடுத்துக்கொண்டார், பாட்டைக் கொடுத்தார்" என்று முடித்தேன். சபை முழுவதும் ஆமென் சொன்னது.

எங்கள் குழுவில் பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாடும் தம்பி பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் மட்டும் எழுந்து, பெஞ்சைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார். பாட்டுக்கும் வரவில்லை. பேஸ் இல்லாமல்தான் பாடினோம். ஒரு கால் இல்லாத மேசை போல ஆடியது அந்தப் பாட்டு.

நான் சொன்னதில் என்ன தவறு?

ஒலிவக்கிளை (முதுநகர்) – ஞாயிறு, இரவு 10.05

அண்ணன், மனம் வருந்த வேண்டாம். நீங்கள் சொன்னது சாட்சி. சாட்சி சிலரைக் குத்தத்தான் செய்யும். கிராஸ்பி அம்மாள் தேவதூதர் சொல்லச் சொல்ல எழுதினார் என்று எங்கள் ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். கண் தெரிந்திருந்தால் உலகக் காட்சிகளில் மனம் போயிருக்கும், இத்தனை பாட்டு வந்திருக்குமா?

விரல்நுனி (புதுச்சேரி) – திங்கள், காலை 6.20

கெடிலக்கரை ஐயா, நான் புதுச்சேரியில் பள்ளி ஆசிரியை. எனக்கும் பார்வை இல்லை. உங்கள் பதிவைக் கணினி வாசிக்கக் கேட்டேன். "ஸ்தோத்திரம்" என்ற சொல்லை அது படுத்தும் பாடு தனிக் கதை, அதை விடுங்கள்.

எழுந்து போனவரின் மனத்தில் என்ன இருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். நானாக இருந்தால் ஏன் எழுந்திருப்பேன் என்று சொல்கிறேன்.

நான் விடுதியில் தங்கிப் படித்தவள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு எங்களுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள், பிரியாணிப் பொட்டலத்தோடு கூடவே கிராஸ்பி அம்மையாரையும் கொண்டுவருவார்கள். "கண் இல்லாவிட்டால் என்ன, அந்த அம்மாள் எட்டாயிரம் பாட்டு எழுதவில்லையா?" எனக்குப் பாட்டும் வராது, கணக்கும் வராது. என் கண்ணை எடுத்துக்கொண்டவர் பதிலுக்குக் கொடுக்க வேண்டியதை மறந்துபோய்விட்டார் போலிருக்கிறது என்று ஒன்பது வயதில் நான் உண்மையாகவே நம்பினேன். பண்டமாற்றுக் கடையில் ஏமாந்த பிள்ளை மாதிரி.

கண்ணுக்கு ஈடாகப் பாட்டு என்று சொல்லும்போது இன்னொன்றும் நடக்கிறது. அந்த அம்மையாரின் உழைப்பு முழுவதும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. தாய் பிறர் வீடுகளில் வேலைக்குப் போனபோது, பாட்டி யூனிஸ்தான் அவரை உட்காரவைத்து, பறவை எப்படி இருக்கும், பூ எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக வருணித்துச் சொன்னார். வேதாகமத்தையும் அவரே மனப்பாடம் செய்வித்தார். பின்னால் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் அதைத் தொடர்ந்தார். ஐந்தாகமம் (வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்கள்), நான்கு சுவிசேஷங்கள், நீதிமொழிகள், உன்னதப்பாட்டு, சங்கீதங்களில் பல, எல்லாம் சிறுமிப் பருவத்திலேயே அவர் வாயில் இருந்தன. ஒலிவக்கிளை அவர்களே, தேவதூதர் யாரும் வரவில்லை. பாட்டி வந்தார். வீட்டுக்காரம்மாள் வந்தார்.

1835-ல் நியூயார்க் நகரத்துப் பார்வையற்றோர் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியையாகி, 1858 வரை இருந்தார். அவருக்குக் கிடைத்த பெரிய அற்புதம் அந்தப் பள்ளிக்கூடம் என்பேன். அது இல்லாமல் அதே ஊரில் எத்தனை பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்தே வயதாகியிருப்பார்கள்!

அந்தக் கடுகுப் பற்றுக்கூட உண்மைக் காரணமா, பிறவியிலேயே குறை இருந்ததா என்று பிற்கால மருத்துவர்கள் ஐயப்பட்டிருக்கிறார்கள்.

ஒலிவக்கிளை (முதுநகர்) – திங்கள், காலை 8.15

தேவதூதர் விஷயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பார்வை கொடுக்கப்படாதது பரிதாபம் என்று ஒரு போதகர் அவரிடம் சொன்னபோது, பிறக்கும் முன் ஒரு விண்ணப்பம் செய்ய முடிந்திருந்தால் குருடாகவே பிறக்கக் கேட்டிருப்பேன், பரலோகத்தில் நான் முதன்முதல் காணும் முகம் என் இரட்சகருடையதாக இருக்குமே என்றாராம். எட்டு வயதிலேயே, தன் நிலையில் மனநிறைவோடு இருப்பதாகக் கவிதை எழுதியவர். அவருடைய சாட்சியை நாம் எப்படிப் பறிக்க முடியும்?

விரல்நுனி – திங்கள், காலை 8.50

பறிக்கவில்லை தம்பி. அவர் தம் கண்ணைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, அவர் வாயில் அது அழகாகவும் இருக்கிறது. அந்தச் சட்டையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிடும்போதுதான் எனக்கு அளவு சரியில்லை.

நம் யோவான் 9-ஐயே பாருங்கள், பிறவிக் குருடன் ஒருவனின் கதை. சீஷர்கள் அந்த மனிதனின் கண்ணுக்குக் காரணம் தேடுகிறார்கள், யார் செய்த பாவம் என்று. இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். அங்கே பாவம் என்று கேட்டார்கள், இங்கே பாட்டு என்று கேட்கிறீர்கள். கேள்வி ஒன்றுதான்.

புலியூரான் (திருப்பாதிரிப்புலியூர்) – திங்கள், மாலை 5.30

நான் சைவன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். உங்கள் வீட்டுப் பேச்சில் திண்ணையில் உட்கார்ந்து கலந்துகொள்கிறேன், பொறுத்தருள்க.

பார்வையற்ற புலவர்கள் தமிழுக்குப் புதிதல்ல. அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்குப் பட்டமே அதுதான், அந்தகன் என்றால் பார்வையற்றவன். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் மூன்று வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர், 1836-ல் பிறந்தவர், அதாவது உங்கள் அம்மையாரின் சமகாலத்தவர். கொடுத்த பொருளில் கேட்டவுடன் பாடல் கட்டிப் பாடுவதற்கு நம்மவர்கள் ஆசுகவி என்று பெயர் வைத்து, அதை ஒரு கல்வியாகவே மதித்தார்கள். கண் போனதால் வந்த வரம் என்று யாரும் சொல்லவில்லை. பாடம் கேட்டான், பயின்றான், பாடினான்.

கண்ணும் பாட்டும் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் சுந்தரர். நம் பக்கத்துத் திருநாவலூர்க்காரர். திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறிப் புறப்பட்டதால் பார்வை போனது என்பது பெரிய புராணம். வழியில் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். ஆரூரில் அவர் பாடுவது கெஞ்சல் இல்லை, சண்டை. நாங்கள் இப்படித் தடுமாறினால் என்ன, நீர் மட்டும் "வாழ்ந்து போதீரே" என்று தெய்வத்தையே வாழ்த்துவது போல் வைகிறார். அடியார் ஆண்டவனிடம் கோபித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உங்கள் அம்மையார் ஒரு தரமாவது கோபித்துக்கொண்டாரா?

கெடிலக்கரை – திங்கள், இரவு 9.10

ஐயா, எங்களிடமும் அந்த வழக்கம் உண்டு. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறது. சபையில் அதை அதிகம் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

கிராஸ்பி கோபித்துக்கொண்டு பாடியதாக எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஆனால் துக்கம் தெரியாதவர் அல்ல. 1858-ல் அலெக்சாண்டர் வான் ஆல்ஸ்டைன் என்ற இசைக்கலைஞரை மணந்தார், அவரும் பார்வையற்றவர். பிறந்த ஒரே குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோயிற்று. அதைப் பற்றி வெளியில் அவர் பேசியது மிகக் குறைவு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு ஆறுதலாக உலகமெங்கும் பாடப்பட்டது எது என்றால், நாங்கள் நேற்றுப் பேஸ் இல்லாமல் பாடிய அதே பாட்டு. இதைச் சொல்லாமல் கடுகுப் பற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

மிஷன்வீதிக் கிழவன் (புதுச்சேரி) – திங்கள், இரவு 9.45

நாங்கள் கத்தோலிக்கர், பூசையில் இந்தப் பாட்டுகள் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் கல்லறை மந்திரிப்பில் பாண்டு வாத்தியக்காரர்கள் "இயேசுவின் கைகள்" மெட்டை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். யார் எழுதியது என்று இன்றுதான் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர் ஊரில் இருந்துகொண்டு ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல் பாரிசில் கோவில் ஆர்கன் வாசித்தவர். 1829-ல் அவர் வெளியிட்ட முதல் சிறுநூல் வெறும் எழுத்துக்கு மட்டும் அல்ல, இசைக்கும் கோவில் பாடலுக்கும் புள்ளி முறை சொல்லிக் கொடுத்தது. பாட்டு வேண்டும் என்ற தாகத்தில்தான் அந்தப் புள்ளிகள் பிறந்தன என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மருமகள் இதற்குச் சிரிப்பாள்.

தேவனாம்பட்டினம் (கடலூர்) – செவ்வாய், பகல் 1.20

எல்லோரும் உருகுகிறீர்கள், ஒருவராவது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எட்டாயிரம் பாட்டு எழுதினால் அதில் எத்தனை தேறும்? பதிப்பகத்தோடு ஒப்பந்தம், வாரத்துக்கு மூன்று பாட்டு, பாட்டுக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ. ஒரே ஆளின் பெயர் புத்தகம் முழுவதும் வரக்கூடாது என்று சுமார் இருநூறு புனைபெயர்கள். இது பக்தியா, பட்டறையா?

இன்னொன்று. ஜார்ஜ் மாத்திசன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், அவருக்கும் இளமையிலேயே பார்வை போயிற்று. 1882 ஜூன் 6 மாலை, தங்கையின் கல்யாண நாளில், தனியாக இருந்தபோது ஐந்து நிமிடத்தில் எழுதினாராம், தன்னை விடாத அன்பைப் பற்றிய அந்தப் பாட்டை. ஒன்றே ஒன்று, போதும். எட்டாயிரத்தை ஒரு தட்டில் வைத்தாலும் எனக்குத் தராசு மாத்திசன் பக்கம்தான் சாய்கிறது.

கால் ஆர்மோனியம் (நெல்லித்தோப்பு) – செவ்வாய், மாலை 6.00

பட்டறை என்று சொன்னீர்களே, மிகச் சரி. ஆனால் அதைக் குறையாகச் சொன்னீர்கள், நான் நிறையாகச் சொல்வேன்.

கிராஸ்பி பாமாலை எழுதத் தொடங்கியது 1864-ல், வில்லியம் பிராட்பரி என்ற இசையமைப்பாளர் கேட்டுக்கொண்ட பிறகு. அப்போது 44 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் கவிதை நூல்கள் வெளியிட்டிருந்தார், 1844-லேயே முதல் நூல். அவர் இருந்த பள்ளியில் இசை கற்பித்த ஜார்ஜ் ரூட்டின் மெட்டுகளுக்கு ஊரார் பாடும் சாதாரணப் பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். காதல் பாட்டு, கதைப் பாட்டு எல்லாம் உண்டு. மெட்டுக்குச் சொல் பொருத்தும் கை அங்கே பழகியது. 1850-ல் ஒரு கூட்டத்தில் அவருக்கு உண்டான மனந்திரும்புதல் அந்தக் கைக்குப் பாடுபொருளைக் கொடுத்தது. கையும் பொருளும் சேர இன்னும் பதினான்கு ஆண்டு ஆயிற்று. ஒலிவக்கிளை சொல்வது போல் வானத்திலிருந்து விழவில்லை, தேவனாம்பட்டினத்தார் சொல்வது போல் வெறும் கூலிக்கும் வரவில்லை.

1868-ல் வில்லியம் டோன் என்பவர் வந்து, ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது, இந்த மெட்டுக்கு வரிகள் வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். உள்ளே போய் ஜெபித்து, மனத்திலேயே கட்டி, வந்து சொல்லியிருக்கிறார். அதுதான் "இயேசுவின் கைகள் காக்க". நாற்பது நிமிடத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் போன நாற்பது ஆண்டை யாரும் சொல்வதில்லை.

இப்போது அந்தப் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதல் அடிக்கு ஏழு ஒலி, இரண்டாம் அடிக்கு ஆறு. தமிழில்: யே-சு-வின்-கை-கள்-காக்-க, ஏழு. மார்-பி-னில்-சா-ரு-வேன், ஆறு. (புலியூரான் ஐயா, இது யாப்பின் அசை அல்ல, நோட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. சண்டைக்கு வராதீர்கள்.) "இயேசு" என்று எழுதி "யேசு" என்று பாடுகிறோமே, அந்த இகரத்தை விழுங்கினால்தான் கணக்கு நேர்ப்படும். "இயேசுவே கல்வாரியில்" என்ற பாட்டும் கிராஸ்பியுடையதுதான், 1869. அதிலும் ஏழு, ஆறு. மூலத்தில் முதல் அடி முடிவது சிலுவை என்ற சொல்லில், ஆங்கிலத்தில் அது ஒரே ஒலி. தமிழில் சி-லு-வை மூன்று. மொழிபெயர்த்தவர் பார்த்தார், சிலுவையை எடுத்துவிட்டு அது நின்ற மலையை வைத்துவிட்டார். எனக்கு மொழிபெயர்ப்பு மூலத்தைவிடப் பிடிக்கும். கல்வாரி என்றவுடன் ஏறிப்போக ஒரு வழி தெரிகிறது.

ஃபீபி நாப் என்ற தோழி 1873-ல் புதிய மெட்டு ஒன்றை வாசித்து, இது என்ன சொல்கிறது என்று கேட்டாராம். கிராஸ்பி உடனே, இயேசு என்னுடையவர் என்ற பாக்கியமான நிச்சயத்தைச் சொல்கிறது என்றார். மெட்டு ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது, காது கொடுத்தால் போதும் என்று நினைத்த ஆள். எனக்கு இது பெரிய விசுவாசமாகப் படுகிறது.

புலியூரான் – செவ்வாய், மாலை 6.40

சண்டைக்கு வரவில்லை. "இகரத்தை விழுங்கினால்" என்றீர்களே, அதற்கு எங்களிடம் குற்றியலிகரம் என்று ஒன்று உண்டு, இது அது இல்லை. போகட்டும்.

புனைபெயர் செய்திதான் எனக்கு வியப்பு. எங்கள் சுந்தரர் ஒவ்வொரு பதிகத்தின் கடைசியிலும் ஆரூரன், ஊரன் என்று தம் பெயரைப் பதித்துவிடுவார். இந்த அம்மையார் இருநூறு பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

விரல்நுனி – செவ்வாய், இரவு 8.30

கால் ஆர்மோனியம் அண்ணா, நன்றி. இப்படி யாராவது என் ஒன்பது வயதில் சொல்லியிருந்தால் நான் அந்த அம்மையாரோடு அப்போதே சமாதானமாகியிருப்பேன்.

நான் ஒன்று சேர்க்கிறேன். அவர் பாடல்களில் பார்ப்பது, நோக்குவது, காட்சி என்ற சொற்கள் எங்கும் கிடக்கின்றன. அது பார்வைக்கான ஏக்கம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நாங்களும் "நேற்று டிவி பார்த்தேன்", "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பேசுகிறோம். மொழி எல்லோருக்கும் பொது. வேதாகமத்தை மனப்பாடம் செய்தவருக்கு அதன் கண்களும் சேர்ந்து வந்துவிட்டன.

ஆனால் 1891-ல் எழுதிய ஒரு பாட்டில், ஒருநாள் வெள்ளிக்கயிறு அறும், அவரை முகமுகமாய்க் காண்பேன் என்கிறார். வெள்ளிக்கயிறு வேதாகமத்தில் பிரசங்கி 12-லிருந்து வந்தது, அது அறுவது என்றால் மரணம். 71 வயது. அந்த இடத்தில் "காண்பேன்" என்பது பொதுச் சொல் இல்லை. அதைக் கேட்கும்போது மட்டும் நான் வாதாடுவதை நிறுத்திவிடுவேன்.

தேவனாம்பட்டினத்தாரே, அந்த இரண்டு டாலரும் அவரிடம் தங்கவில்லை. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்தார், குடியால் வீணானவர்களுக்கான மிஷன்களில் போய் உட்கார்ந்து அவர்களோடு பேசினார், கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். அழிகிறவர்களைக் காப்பாற்றச் சொல்லும் 1869-ஆம் ஆண்டுப் பாட்டு அந்த மிஷன் கூடங்களில்தான் பிறந்தது. உங்கள் தராசில் அதையும் வையுங்கள்.

தேவனாம்பட்டினம் – செவ்வாய், இரவு 8.55

வைத்துவிட்டேன். தராசு ஆடுகிறது. மாத்திசனை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கெடிலக்கரை – வியாழன், இரவு 10.15

இரண்டு நாள் இங்கே வரவில்லை. நேற்று அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். மஞ்சக்குப்பத்தில்தான். அவர் தாயார் காபி கொடுத்தார்கள், தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நான் இங்கே படித்ததையெல்லாம் சொல்லி, "கண்ணை எடுத்துப் பாட்டைக் கொடுத்தார் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அண்ணே, அது எனக்குப் பழக்கம். வருஷத்துக்கு நாலு தடவை கேட்கிறேன். அதற்காக எழுந்து போகவில்லை" என்றார்.

பிறகு சொன்னார். மற்றவர்களுக்கு நான் புதன்கிழமையே நோட்டு நகல் கொடுத்துவிடுகிறேன். பேஸ் பகுதியை அவருக்கு ஞாயிறு காலை ஆராதனைக்கு அரை மணி முன்னால் ஒரே தடவை பாடிக்காட்டுகிறேன். அன்று அதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று, "நீ கேட்டுக்கொண்டே பிடித்துக்கொள், உனக்கென்ன, ஞாபகம் அதிகம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனேனாம். எனக்கு நினைவே இல்லை. அதற்கு மேல் பத்து நிமிடம், ஒரு அம்மாளுக்கு எத்தனை பேர் வாசித்துக் காட்டினார்கள், சொன்னதை எத்தனை பேர் எழுதிக்கொண்டார்கள் என்று அவர் முன்னாலேயே பேசியிருக்கிறேன். "அந்த அம்மாளுக்கு ரயில் வருவதற்கு முன் நாற்பது நிமிடம் கொடுத்தார்கள், எனக்கு அதுவும் இல்லையே" என்றார்.

நான் என்ன பதில் சொல்ல? காபி ஆறிவிட்டது.

இன்று மாலை பேஸ் பகுதியைத் தனியாக, மெதுவாக, இரண்டு தடவை பாடிப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறேன். இனி புதன்கிழமைதோறும். என் குரல் பேஸுக்கு எட்டாது, அதனால் ஒரு ஸ்தாயி மேலே பாடியிருக்கிறேன்.

கால் ஆர்மோனியம் – வியாழன், இரவு 10.40

ஒரு ஸ்தாயி மேலே என்றால் அவர் கீழே இறக்கித்தான் கற்க வேண்டும், எதற்கு அந்தச் சிரமம்? எனக்கு அனுப்புங்கள், ஆர்மோனியத்தில் அதே சுருதியில் வாசித்து நாளைக்குள் தருகிறேன். எந்தச் சுருதியில் பாடுகிறீர்கள், ஜி-யா, எஃப்-ஆ?

விரல்நுனி – வெள்ளி, காலை 6.05

எனக்கும் ஒரு பிரதி வேண்டும். ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல்.